சர்ஜ், வைட்டல், டெக்ஸெட்: காசில்லாமல் சிந்த் தேடுகிறவர்களுக்கு

"அண்ணே, பாட்டு பண்ணணும். நல்ல சிந்த் ஒண்ணு சொல்லுங்க, ஆனா கையில காசு கிடையாது" என்று சித்தி மகன் போனில் கேட்டான். சிந்த் என்றால் சிந்தசைசர், சத்தத்தைத் தானே உருவாக்கும் கருவி, இங்கே கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள். நான் பெயர் எதுவும் சொல்லாமல் லேப்டாப்பில் ரேம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டேன். 4 ஜிபி, வாங்கி எட்டு வருஷம், பிரவுசரில் ரெண்டு டேப் திறந்தாலே ஃபேன் மாவு மில் மாதிரி இரைகிறதாம். சரி, பாதி முடிவு அங்கேயே ஆகிவிட்டது. மீதிப் பாதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை அவனுக்கு முன்பும் நாலைந்து பேர் கேட்டாயிற்று, ஒவ்வொருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு.

ஓசியில் கிடைப்பது ஓசி மாதிரிதான் இருக்கும் என்ற நினைப்பு இருந்தால் அதை இப்போதே விட்டுவிடலாம். சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், டெக்ஸெட், ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் (சுருக்கமாக ஸின்) இந்த நாலை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் ஆயுசு முழுக்கப் பாட்டு பண்ணலாம். நானும் ஒரு காலத்தில் கிராக் போட்டுப் பழகியவன்தான். ஒரு கம்ப்யூட்டர் கடையில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்த விலை கூடிய பிளகின்களை, அதாவது பாட்டு பண்ணும் மென்பொருளுக்குள் ஏற்றும் சிந்த் மாதிரியான துணை மென்பொருள்களை, வைத்து ஒரு வருஷம் போல வேலை பார்த்தேன், அப்புறம் ஒரு நாள் விண்டோஸை அழித்து மறுபடி போட வேண்டி வந்தது, அதோடு ஒன்றுகூட எழுந்திருக்கவில்லை. பதினோரு பாட்டின் ப்ராஜெக்ட் கோப்புகள் ஒழுங்காகத் திறந்தன, நோட்டுகள் எல்லாம் திரையில் ஓடின, சத்தம் மட்டும் வரவில்லை. அதற்கப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தேன். கொள்கைக்காக வந்தேன் என்று சொன்னால் பொய்.

ஆனால் வந்தபிறகு ஒரு வித்தியாசம் புரிந்தது. இலவசம் என்பது ஒன்று, கட்டற்ற மென்பொருள் என்பது இன்னொன்று. சர்ஜ், டெக்ஸெட், ஸின் மூன்றும் ஜிபிஎல் என்ற, யாரும் எடுத்து மாற்றிப் பகிர அனுமதிக்கும் உரிமத்தில் வருபவை, மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. வைட்டலின் நிரலும் ஜிபிஎல்தான், ஆனால் அந்தப் பெயரும் அதோடு வரும் பிரீசெட்டுகளும் (முன்கூட்டியே அமைத்துவைத்த சத்தங்கள்) அப்படி இல்லை. சின்த்1 போன்றவை காசு கேட்காது, நிரலையும் காட்டாது. இதெல்லாம் பாட்டு பண்ணுகிறவனுக்கு எதற்கு என்று கேட்டால், சர்ஜின் கதையைச் சொல்வேன். கிளேஸ் யோஹான்சன் என்பவர் வெம்பர் ஆடியோ என்ற பெயரில் காசுக்கு விற்றுக்கொண்டிருந்த சிந்த் அது. 2018இல் நிரலை அப்படியே பொதுவில் வைத்துவிட்டார். ஒரு கூட்டம் சேர்ந்து அதை எடுத்து, முகப்பை மாற்றி, அலையை உருவாக்கும் ஆசிலேட்டர்களைக் கூட்டி, 2022 ஜனவரியில் சர்ஜ் எக்ஸ்டி என்று வெளியிட்டார்கள். நிரல் பூட்டிக் கிடந்திருந்தால், அவர் நகர்ந்த அன்றே அந்தச் சத்தமும் போயிருக்கும்.

இனி லேப்டாப் விஷயம். முதலில் எல்லோரும் ஆசைப்படுவது வைட்டலுக்குத்தான், அதில் தப்பும் இல்லை, திரையைப் பார்த்தாலே பிடித்துவிடும். மேட் டைட்டல் என்பவர் 2020 நவம்பரில் வெளியிட்டது. அலை வடிவம் கண்முன்னே நெளிகிறது, எல்எஃப்ஓ (குமிழ்களைத் தானாக மெதுவாக ஆட்டும் அலை) எந்தக் குமிழைத் திருகுகிறதோ அந்தக் குமிழைச் சுற்றி ஒரு வளையம் ஓடுகிறது, எதை எதோடு இணைக்க வேண்டுமோ அதை இழுத்து அதன்மேல் விட்டால் போதும். மாடுலேஷன், அதாவது ஒன்றைக் கொண்டு இன்னொன்றை அசைப்பது, என்றால் என்ன என்று நான் மூன்று மணி நேரம் வாயால் விளக்கியும் புரியாத ஒரு நண்பருக்கு வைட்டல் பத்து நிமிஷத்தில் புரியவைத்தது. பார்த்துப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆனால் அந்த அழகுக்குக் கட்டணம் கம்ப்யூட்டர் கட்டுகிறது. ஓடும் படங்கள் எல்லாம் ஓபன்ஜிஎல் வழியாகக் கிராஃபிக்ஸ் சிப்பின் தலையில் விழுகின்றன, பழைய லேப்டாப்பில் ஜன்னலைத் திறந்ததுமே திணறுவது அதனால்தான். அப்புறம் யூனிசன். ஒரே ஆசிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சம் சுருதி விலக்கிப் பல பிரதிகளாக ஒலிக்கவிட்டால் சத்தம் அகலமாகும் இல்லையா, வைட்டலில் அதை 16 வரை ஏற்றலாம். மூன்று ஆசிலேட்டரிலும் 16 வைத்தால் ஒரு நோட்டுக்கு 48 அலை, நாலு விரலில் ஒரு கார்டு பிடித்தால் 192. இதைக் கணக்குப் போடாமல் நெட்டில் பார்த்த பிரீசெட்டை ஏற்றிவிட்டு "வைட்டல் கரகரங்குது" என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம். கரகரப்பு வைட்டலின் குணம் இல்லை, புராசஸர் கையைத் தூக்கிவிட்ட சத்தம் அது. யூனிசனை 4க்கு இறக்குங்கள், முக்கால்வாசி சரியாகிவிடும்.

வைட்டலின் இலவசப் பதிப்பில் 75 பிரீசெட்டும் 25 வேவ்டேபிளும் (ஆசிலேட்டருக்கான அலை வடிவத் தொகுப்பு) வரும். 25 டாலருக்கும் 80 டாலருக்கும் அடுத்த படிகள் இருக்கின்றன, ஆனால் அங்கே கூடுதலாகக் கிடைப்பது பிரீசெட்டும் வேவ்டேபிளும் மாதிரியான சங்கதிகள்தான், சிந்தின் உள்வேலை எல்லாப் படியிலும் ஒன்றே. அதாவது சத்தத்தைத் தானே உருவாக்கத் தெரிந்தவனுக்கு இலவசப் படியில் எந்தக் குறையும் தெரியாது. இறக்குவதற்குக் கணக்குத் தொடங்க வேண்டும். அது பிடிக்காதவர்கள், லினக்ஸில் இருப்பவர்கள், வைட்டலியம் என்ற கிளையைத் தேடலாம், அதே நிரல்தான், இணையத்தோடு பேசும் பகுதிகளை எடுத்துவிட்டார்கள்.

சர்ஜ் எக்ஸ்டி முதல் பார்வையில் யாரையும் மயக்காது. குட்டிக் குட்டி ஸ்லைடர்கள், மெனுவுக்குள் மெனு, எங்கே தொடங்குவது என்று தெரியாது. மாடுலேஷன் கொடுப்பதும் வேறு மாதிரி: கீழே இருக்கும் எல்எஃப்ஓவைத் தொட்டுத் தயாராக்க வேண்டும், ஸ்லைடர்கள் நிறம் மாறும், அப்போது எந்த ஸ்லைடரை நகர்த்துகிறோமோ அதன்மேல் அந்த எல்எஃப்ஓ ஏறும். இது தெரியாமல் முதல் வாரம் முழுக்க நான் பிரீசெட் மாற்றி மாற்றி விளையாடிக்கொண்டிருந்தேன். அதுவும் மோசமில்லை, 2,000க்கு மேல் பிரீசெட் கூடவே வருகிறது. உள்ளே இரண்டு சீன் (ஒவ்வொன்றும் தனி சிந்த் மாதிரி), ஒவ்வொன்றிலும் மூன்று ஆசிலேட்டர், ஆசிலேட்டரில் 12 வகை. அதில் ஸ்ட்ரிங் என்ற வகையை நம்மவர்கள் கட்டாயம் தொட்டுப்பார்க்க வேண்டும், தந்தியை மீட்டினால் அது எப்படி அதிர்ந்து அடங்கும் என்பதைக் கணக்குப் போட்டே உருவாக்குகிறது. வீணை வரும் என்று சொல்லமாட்டேன், ஆனால் மீட்டலின் முனைப்பு இருக்கும், சாம்பிளில் கிடைக்காத ஒரு உயிர்ப்பு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி.

நான் சர்ஜை எனக்கு முதன்மையாக வைத்துக்கொண்டதற்கு உண்மையான காரணம் கமகம்.

மிடி கீபோர்டில் (கம்ப்யூட்டரோடு இணைத்து சிந்தை வாசிக்கும் கீபோர்டு) தோடி ராகத்தின் ஸ்வரங்களை வரிசையாகத் தட்டினால் தோடி வராது, தோடியின் ஸ்வரங்கள் வரிசையில் நிற்கும், அவ்வளவுதான். காந்தாரம் அசைய வேண்டும். சிந்தில் அசைவுக்கு இரண்டு வழி உண்டு, சுருதியை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் ஒன்று, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் போர்ட்டமெண்ட்டோ இன்னொன்று. பெரும்பாலான சிந்துகளில் தொடக்க அமைப்பில் சக்கரம் மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம்தான் போகும், நம் வேலைக்கு அது பல இடங்களில் போதாது. உடனே 12க்கு ஏற்றிவிடாதீர்கள், சக்கரம் நகரும் தூரம் அதே விரற்கடைதானே, லேசாகத் தொட்டாலே ஸ்வரம் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நான் மேலே 4, கீழே 3 என்று வைத்திருக்கிறேன். சர்ஜில் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி அளவு கொடுக்கலாம், சின்ன வசதிதான், ஆனால் கை அதற்குப் பழகிவிட்டால் வேறு சிந்துக்குப் போக மனசு வராது.

போர்ட்டமெண்ட்டோவில் சர்ஜ் இன்னும் ஒரு படி. வாசிக்கும் முறைகளில் மோனோ எஸ்டி எஃப்பி என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு கட்டையை அழுத்தியபடியே அடுத்ததைத் தொட்டால் சுருதி வழுக்கிக்கொண்டு போகும், என்வலப் (சத்தம் எழுந்து அடங்கும் வடிவம்) மறுபடி தொடங்காது, ஒரே மூச்சில் நாகஸ்வரக்காரர் அடுத்த ஸ்வரத்துக்குப் போவது போல. கையை எடுத்துவிட்டு வைத்தால் புது மூச்சு, வழுக்கல் இல்லை. எப்போதும் வழுக்குகிற சிந்துகள் நிறைய உண்டு, அவற்றில் எல்லாப் பிடியும் ஒரே மாதிரி இழுபட்டு, பழைய பேய்ப் படப் பின்னணி போல ஆகிவிடும். வழுக்குவதா வேண்டாமா என்பதை விரலே முடிவு செய்வதில்தான் விஷயம் இருக்கிறது.

சுருதி அமைப்பும் உண்டு. கீபோர்டின் சம இடைவெளிக் கணக்கில் அந்தர காந்தாரம் 400 சென்ட்டில் (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்) நிற்கிறது, தம்புராத் தந்தியிலிருந்து தானாக எழும் காந்தாரம் 5/4 விகிதம், 386 சென்ட். 14 சென்ட் வித்தியாசம். மெட்டில் ஓடும்போது தெரியாது, சுருதியோடு சேர்த்து அந்தக் காந்தாரத்தை நிறுத்திப் பிடித்துப் பாருங்கள், உறுத்தும். சர்ஜுக்கு ஸ்வர இடைவெளிகளை எழுதிவைக்கும் ஸ்காலா கோப்பு ஒன்றைக் கொடுத்தால் 12 கட்டைகளையும் நாம் சொன்ன இடத்தில் வைத்துக்கொள்ளும். வைட்டல், டெக்ஸெட், ஸின் மூன்றும்கூட ஸ்காலாவைப் படிக்கும், ஆகவே இதை வைத்து மட்டும் சர்ஜுக்கு மார்க் போடமுடியாது. 22 சுருதிச் சண்டைக்குள் நான் போகவில்லை. அசையாமல் நிற்கிற ஸ்வரங்களுக்கு இது உதவும், அசைகிற ஸ்வரத்துக்கு விரல்தான்.

டெக்ஸெட் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் யமஹா டிஎக்ஸ்7இல் தொடங்க வேண்டும், 1983இல் வந்த கீபோர்டு. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் 1967இல் வைப்ரேட்டோவை வேகமாக்கிக்கொண்டே போனபோது, ஒரு கட்டத்தில் அது அசைவாகக் கேட்காமல் புதுத் தொனியாகவே கேட்டது, அதுதான் எஃப்எம் முறை. யமஹா அதற்கு உரிமம் வாங்கிக் கடைசியில் கொண்டுவந்தது டிஎக்ஸ்7. மணி போல் முனை கொண்ட எலக்ட்ரிக் பியானோ, கண்ணாடி உடைந்தது போன்ற பெல், ரப்பர் பேஸ், 80களின் பாட்டுகளை நினைத்தால் காதில் வருகிற அந்தச் சங்கதிகள். டெக்ஸெட் அதையே கம்ப்யூட்டரில் செய்கிறது, ஆறு ஆப்பரேட்டர் (சைன் அலை எழுப்பும் பகுதி), அவற்றை இணைக்கும் 32 அல்காரிதம், எல்லாம் அப்படியே. நிஜ டிஎக்ஸ்7இல் ஒரு சின்ன எல்சிடி திரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக மாற்ற வேண்டும், அதனால் பாதிப் பேர் கம்பெனி கொடுத்த சத்தங்களைத் தாண்டிப் போகவே இல்லை. டெக்ஸெட்டில் ஆறு ஆப்பரேட்டரும் ஒரே திரையில் தெரிகின்றன. தெரிந்தாலும் புரிந்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்பரேட்டரின் அளவை ஒரு புள்ளி ஏற்றினால் தேன், இன்னொரு புள்ளி ஏற்றினால் தகரம்.

ஆனால் டெக்ஸெட்டில் சத்தம் உருவாக்கத் தெரிய வேண்டும் என்று யார் சொன்னது? டிஎக்ஸ்7க்காக நாற்பது வருஷமாக ஜனங்கள் சேர்த்த சிஸெக்ஸ் கோப்புகள் நெட்டில் கொட்டிக் கிடக்கின்றன, ஒரு கோப்பில் 32 சத்தம், அதைத் திறந்தால் போதும். சைன் அலைகளின் கணக்குதான் என்பதால் பழைய லேப்டாப்பிலும் பத்து டெக்ஸெட் சாதாரணமாக ஓடும். ரிவெர்ப் (அறை எதிரொலி), கோரஸ் (பலர் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு) எதுவும் உள்ளே கிடையாது, ஆகவே முதலில் கேட்கும்போது வறட்டுச் சத்தமாக இருக்கும். வெளியே ஒரு கோரஸும் கொஞ்சம் ரிவெர்பும் போட்டபிறகு அபிப்பிராயம் சொல்லுங்கள்.

ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் ருமேனியாக்காரர் நாஸ்கா ஒக்டேவியன் பால் 2002இல் தொடங்கியது. பழைய முகப்பு மகா அலங்கோலம், ஒரு பட்டனை அழுத்தினால் நாலு ஜன்னல் திறக்கும், எந்த ஜன்னலில் எதை மாற்றினோம் என்பது மறந்துபோகும். அதை ஏன் இன்னும் வைத்திருக்கிறேன் என்றால் பேட்சிந்த் என்ற ஒரே காரணம். சாதாரண சிந்தில் ஒவ்வொரு ஹார்மானிக்கும் (ஸ்வரத்தோடு கூடவே எழும் மேல் அதிர்வு) ஊசி முனை போல ஒரே இடத்தில் நிற்கும். பேட்சிந்தில் அதற்கு அகலம் கொடுக்கலாம், அதாவது பத்துப் பேர் ஒரே ஸ்வரத்தைப் பாடினால் நூலளவு விலகி விலகி நிற்பார்களே, அந்த விலகல். சுருதிப் பெட்டி மாதிரி நீளமாக நிற்கிற சத்தத்துக்கு இதை மிஞ்ச இலவசத்தில் ஒன்றும் இல்லை, காசு கொடுத்தாலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏதாவது மாற்றினால் அப்ளை பட்டனை அழுத்த மறக்காதீர்கள், அதுவரை பழைய சத்தமே கேட்டுக்கொண்டிருக்கும். நான் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. சின்த்1, ஜப்பானில் இச்சிரோ தோடா எழுதியது, நார்ட் லீட் 2 என்ற சிவப்புக் கீபோர்டின் மாதிரி, இறகு போல லேசு. ஓடின் 2 நல்ல சிந்த், சர்ஜ் கையில் இருப்பவருக்கு அவசரத் தேவை இல்லை. விசிவி ராக்கும் அதை பிளகினாகத் தரும் கார்டினலும் ஒயர் குத்தி விளையாடுகிறவர்களுக்கு. இனிமையான பொழுதுபோக்கு, ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்தால் விடியும்போது கையில் பாட்டு இருக்காது, நாற்பது ஒயர் இருக்கும். டால் நாய்ஸ்மேக்கர் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. இரண்டு ஆசிலேட்டர், ஒரு சப் ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப், எல்எஃப்ஓ, கொஞ்சம் எஃபெக்ட், எல்லாமே ஒரு திரையில் முடிந்துவிடும். சா (ரம்பப் பல் வடிவ) அலை என்றால் என்ன, ஃபில்டரின் கட்-ஆஃப் இறக்கினால் ஏன் சத்தம் போர்வைக்குள் போகிறது, இதையெல்லாம் காதில் வாங்கிக்கொள்ள இது போதும், சர்ஜின் 12 வகை ஆசிலேட்டர் அப்போது தொந்தரவு.

பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு, சிந்தில் இல்லை, அதை ஏற்றும் மென்பொருளில். எல்எம்எம்எஸ் இலவசம் என்று அதைப் போடுவார்கள், நல்லதுதான், ஸின் அதிலேயே கூட வருகிறது. அப்புறம் சர்ஜை இறக்குவார்கள், பட்டியலில் வராது. எல்எம்எம்எஸ் 1.2 வரிசை விஎஸ்டி2 என்ற பழைய பிளகின் வகையைத்தான் ஏற்றும், சர்ஜ் எக்ஸ்டி விஎஸ்டி3 ஆகவும் கிளாப் ஆகவும்தான் விண்டோஸுக்கு வருகிறது. 2018க்குப் பிறகு விஎஸ்டியை உருவாக்கிய ஸ்டைன்பெர்க் நிறுவனம் புதியவர்களுக்கு விஎஸ்டி2 உரிமம் தருவதை நிறுத்தியதில் வந்த வினை இது. ரீப்பர் இரண்டையும் ஏற்றும், 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு 60 டாலர். டிராக்ஷனின் வேவ்ஃபார்ம் ஃப்ரீ நிரந்தர இலவசம். எதுவும் வேண்டாம், சும்மா வாசித்துப் பார்த்தால் போதும் என்றால் சர்ஜ், வைட்டல், டெக்ஸெட் மூன்றும் தனி மென்பொருளாகவே திறக்கும்.

கட்டையைத் தொட்டு கொஞ்சம் பொறுத்து சத்தம் வருகிறதா? அதற்கும் சிந்தை மாற்றாதீர்கள். பஃபர் (கம்ப்யூட்டர் சத்தத்தைச் சேர்த்துவைத்து அனுப்பும் அளவு) 1024 என்று இருந்தால் 44,100 ஹெர்ட்ஸில் அது மட்டுமே 23 மில்லி செகண்ட், 256க்கு இறக்கினால் 6க்குள். விண்டோஸில் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவர்கள் ஏசியோ4ஆல் என்ற டிரைவரைப் போட்டுக்கொண்டால்தான் இந்த எண்கள் கைக்கு வரும். கரகரத்தால் 512. பதிவு செய்யும்போது குறைத்து, மிக்ஸ் பண்ணும்போது ஏற்றிக்கொள்ளலாம்.

சித்தி மகனுக்கு நாய்ஸ்மேக்கரும் டெக்ஸெட்டும் சொன்னேன். வைட்டல் வேண்டும் என்று அடம் பிடித்தான், போட்டான், ஜன்னல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்ததாகச் சொன்னான், எடுத்துவிட்டான். 8 ஜிபி ரேமும் சுமாரான கிராஃபிக்ஸும் இருந்திருந்தால் நானே வைட்டலில் தொடங்கச் சொல்லியிருப்பேன். கீபோர்டு வாசிக்கத் தெரிந்த, ராகம் தெரிந்த இன்னொருவர் கேட்டார், அவருக்கு லேப்டாப் என்ன என்றுகூடக் கேட்காமல் சர்ஜ் என்றேன், ஒரு வாரம் திட்டுவீர்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். பத்து நாள் திட்டினார்.

மூன்று வாரம் கழித்து சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஒரு சத்தம் அனுப்பினான், பிரீசெட் தொடாமல் தானே செய்ததாம். திருப்பூர் பக்கத்து தனியார் பஸ் ஹாரன் போல இருந்தது, ஆனால் நன்றாக இருந்தது. "ஒவ்வொரு நோட்டு முடியிறப்பவும் டிக் டிக்னு கேக்குதே, அது ஏன்ணே?" என்றான். ரிலீஸ் (கையை எடுத்தபின் சத்தம் அடங்கும் நேரம்) பூஜ்யத்தில் இருக்கும், 20 மில்லி செகண்டுக்கு ஏற்று என்றேன்.